விபூதிப் புதனன்று ஓரியூர் செம்மண்ணில்

எங்கள் தெருவில் பெரியவர்கள் யாரும் சர்ச் என்று சொல்வதில்லை. தேவகோட்டைப் பக்கம் அவர்களுக்கு அது வேதக்கோயில், நாங்கள் வேதக்காரர்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று விடிவதற்குள் என் மாமியாரான அத்தையும் நானும் பையோடு வாசலில் நின்றதைப் பார்த்து எதிர்வீட்டு ஆச்சியும் அப்படித்தான் கேட்டார்கள். "ஓரியூர் வேதக்கோயிலுக்கா? எம் பேருல ரெண்டு மெழுகுத்திரி ஏத்திருங்க." மடித்த நோட்டை அத்தையின் கையில் வைத்து அழுத்தினார்கள்.

நான் திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் வாரம் ஒரு மனப்பாட வசனம் சொல்லி வளர்ந்தேன். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும் அப்பா கடைசியில் கேட்பது ஒன்றே: "வேதத்தில் அப்படி இருக்கிறதா?" கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்தபோது அந்தக் கேள்வியையும் கூடவே கொண்டுவந்தேன். ஜெபமாலை, சப்பரம், புனிதர்களின் திருவிழா என்று ஒவ்வொன்றிடமும் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வேதத்தைக் கையில் எடுத்துப் படிக்காதவர்களுக்கு அதில் என்ன தெரிந்திருக்கும் என்று பல வருஷம் மனதுக்குள் நினைத்திருக்கிறேன். அது என் பாவம். அன்றைக்குத்தான் அதைப் பாவம் என்று உணர்ந்தேன்.

காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசிச் சொன்னார்: "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்." என் உதடு தானாக அசைந்தது. ஆதியாகமம் 3:19. ஏழெட்டு வயதில் மனப்பாடம் செய்த வசனம், இப்போது சாம்பலாக என் நெற்றியில் இருந்தது.

அப்புறம் வாடகைக் காரில் கிளம்பினோம். அத்தை ஒருசந்தி, அதாவது ஒருவேளை உபவாசம், நானும் அவர்களோடு ஒருசந்தி. ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் தவிர எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, நடுநடுவே தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த கண்மாய்கள். அத்தை ஜெபமாலையைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் விசுவாசப் பிரமாணம். அவர்கள் "சர்வேசுரன்" என்பார்கள், எனக்கு "சர்வவல்லமையுள்ள பிதா" என்றுதான் வாய் வரும். இருவரும் சேர்ந்து சொன்னபோது வார்த்தைகள் முட்டிக்கொண்டாலும் பொருள் எங்கும் முட்டவில்லை. வானத்தையும் பூமியையும் படைத்த பிதா. கன்னிமரியிடம் பிறந்த ஒரே குமாரன். பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, அடக்கம் செய்யப்பட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தவர், நியாயந்தீர்க்க மறுபடி வரப்போகிறவர். பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல், நித்திய ஜீவன். இத்தனை பெரிய காரியங்களுக்கு நடுவில் ஒரு ரோம அதிகாரியின் பெயர் எதற்கு என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். நம் விசுவாசம் ஒரு காலத்தில், ஓர் ஊரில், ஒருவருடைய ஆட்சியில் நடந்த காரியத்தின் மேல் நிற்கிறது. அதனால்தான் அந்தப் பெயர். கிறிஸ்து வேதவாக்கியங்களின்படி மரித்தார், வேதவாக்கியங்களின்படி மூன்றாம் நாளில் எழுந்தார் என்று 1 கொரிந்தியர் 15-இல் பவுல் எழுதும்போது, தானும் பெற்றுக்கொண்டதையே ஒப்புவிப்பதாகச் சொல்கிறார். அத்தையும் அப்படித்தான், தன் அம்மா வாயிலிருந்து பெற்றுக்கொண்டதை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அருள் நிறைந்த மரியே" தொடங்கியது. நான் வழக்கமாக இந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்றைக்குக் கவனித்துக் கேட்டேன். முதல் பாதி லூக்கா 1-ஆம் அதிகாரம், காபிரியேல் தூதனின் வாழ்த்தும் எலிசபெத்தின் வாழ்த்தும். 28-ஆம் வசனமும் 42-ஆம் வசனமும் ஐம்பது தடவைக்கு மேல் அந்தக் காருக்குள் ஒலித்தன. படிக்கத் தெரியாத என் மாமியார் லூக்காவைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் பாதி எனக்கு இன்னும் பழகவில்லை, அதைப் பழகிவிட்டதாகச் சொன்னால் பொய்யாகிவிடும்.

வித்தியாசங்கள் இல்லாமல் இல்லை. என் அம்மா கொடுத்த வேதாகமத்தில் 66 புத்தகங்கள். என் கணவருடைய விவிலியத்தில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் எல்லாம் சேர்த்து 73. கல்யாணமான புதிதில் இதை வைத்து எங்களுக்குள் நிறைய வாக்குவாதம் வந்திருக்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களிலும் ஒரு புத்தகம்கூட இங்கே அதிகமோ குறைவோ கிடையாது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தை இரண்டு சபைகளின் அறிஞர்களும் சேர்ந்து மொழிபெயர்த்தார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வழியில் சருகணியில் இறங்கி லெவே சாமியாரின் கல்லறையில் சற்று நேரம் நின்றோம். பிரான்சில் 1884-இல் பிறந்து, 1908-இல் இந்தியாவுக்கு வந்து, இந்த வறண்ட சீமையில் ஜனங்களுக்காகக் குளம் வெட்டியவர். 1973-இல் இங்கேயே மரித்தார். அத்தை சிறுமியாக இருந்தபோது அவரைப் பார்த்திருக்கிறார்களாம். கல்லறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "வெயிலாயிரும், வா ஆத்தா" என்றார்கள்.

ஓரியூரில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மண்தான். அப்படி ஒரு சிவப்பு. இங்கே வெட்டுண்டு மரித்த அருளானந்தரின் இரத்தம் பட்டுச் சிவந்தது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ஆச்சி சொன்ன இரண்டு மெழுகுத்திரியை ஏற்றிவிட்டு அத்தை அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தபடியே கதை சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வருஷங்களை நான் இடையில் செருகிக்கொண்டேன்.

ஜான் தே பிரித்தோ 1647-இல் லிஸ்பனில் பிறந்தவர், சிறுவயதில் அரண்மனையில் வளர்ந்தவர். 1673-இல் இந்தியாவுக்கு வந்து மதுரை மிஷனில் சேர்ந்தார். காவி உடுத்தி, புலால் விட்டு, பண்டாரசுவாமியாக ஊர் ஊராக நடந்தார். தமிழர்கள் அவரை அருளானந்தர் என்றார்கள். 1686-இல் பிடித்துச் சித்திரவதை செய்து, மறவர் சீமையில் இனிப் போதிக்கக் கூடாது என்று விரட்டினார்கள். அதன்பின் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்ச்சுகல் அரசர் அங்கேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல் 1690-இல் திரும்பி வந்தார். தடியத் தேவர் என்ற மறவர் குலத்துப் பிரபு தீராத நோயில் கிடந்தபோது, ஓர் உபதேசியார் அவர் தலைமாட்டில் நற்செய்தியை வாசித்து ஜெபித்ததாகவும் நோய் நீங்கியதாகவும் சொல்கிறார்கள். தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒருவனுக்கு ஒருத்தி என்பது வேதத்தின் கட்டளை என்று அருளானந்தர் சொன்னார். தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பிரிந்தார். பிரிக்கப்பட்டவர்களில் ஒருவர் கடலாயி, மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். விஷயம் அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4, ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அன்றும் விபூதிப் புதன்தான்.

கடலாயியைப் பற்றி அத்தை அதிகம் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெண்ணின் நினைப்பு வராமல் இல்லை. அவள் செய்த குற்றம் எதுவும் இல்லை, அவள் அவமானமும் உண்மையான அவமானம்தான். அவளுக்காகவும் அந்த மண்ணில் ஒரு நிமிஷம் ஜெபித்தேன்.

மாற்கு 6:18-இல் யோவான் ஸ்நானகன் ஏரோது ராஜாவிடம் சொன்னதும் இதே மாதிரி ஒரு வார்த்தைதான். உன் சகோதரன் மனைவியை வைத்துக்கொள்வது நியாயமல்ல என்றார், தலையை இழந்தார். ஜான் என்றாலும் யோவான்தான், அதே பெயரைச் சுமந்தவர் இங்கே. அந்த ஒரு கட்டளையைச் சொல்லாமல் விட்டிருந்தால் அருளானந்தர் பிழைத்திருக்கலாம். பிரபு ஒருவர் சபைக்குக் கிடைத்தால் எத்தனை பேர் கூட வருவார்கள் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கலாம். அவர் தனக்கு மேலே வேதத்தை வைத்தார். "வேதவாக்கியங்களெல்லாம் தேவஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்ற 2 தீமோத்தேயு 3:16-ஐ எத்தனையோ தடவை எழுந்து நின்று ஒப்புவித்துப் பரிசு வாங்கியிருக்கிறேன். வேதத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொல்வதற்கு நான் எதையும் இழந்ததில்லை.

எங்கள் ஊரில் இப்படிச் செத்தவர்களை இரத்தசாட்சி என்போம். அத்தை வேதசாட்சி என்றார்கள். இதற்கு முன்னும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், அந்த மண்ணில்தான் அதன் கனம் தெரிந்தது. அருளானந்தரின் காலத்தில் தமிழில் அச்சிட்ட வேதாகமம் கிடையாது. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல், அவர் மரித்து 22 வருஷம் கழித்து. அதுவரை இந்தச் சீமையில் ஜனங்கள் வேதத்தைக் காதால் கேட்டார்கள், வாயால் சொன்னார்கள், அதன்படி நடந்தவர்களைக் கண்ணால் பார்த்தார்கள். அத்தைக்கு வேதம் வந்த வழியும் அதுதான்.

மரிப்பதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதினாராம், கரியைக் கரைத்து மையாக்கி. அதைச் சொல்லி முடித்து அத்தை என் பையைக் காட்டினார்கள்.

"உன் பொஸ்தகத்தை எடு. சாமி சொன்னதா ஒண்ணு படி ஆத்தா."

யோவான் 12:24 திறந்தேன். "கோதுமைமணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக்கொடுக்கும்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து வந்தார்கள். சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். அதிகாரம் முடியும்வரை படித்தேன்.

கிளம்பும்போது அத்தை ஒரு கைப்பிடி மண்ணை முந்தியில் முடிந்துகொண்டார்கள். நான் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கச் சொல்லவில்லை. திருவாடானை தாண்டும்போது இருட்டிவிட்டது. "அந்தக் கோதுமைமணியை இன்னொரு தரம் படி" என்றார்கள். செல்போன் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்தின் ஓரத்தில் என் பெருவிரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. இந்தத் தடவை நான் படிக்கப் படிக்க, ஒவ்வொரு வார்த்தையாக அத்தை திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். தேவகோட்டை வருவதற்குள் அவர்களுக்கு அந்த வசனம் மனப்பாடம்.