ஐம்பதாவது ஆண்டும் கடைசி பஸ்ஸும்

எங்கள் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்குச் சார்ட்டர், அதாவது சங்கம் தொடங்குவதற்கான அங்கீகாரப் பத்திரம், கிடைத்தது 1974 நவம்பரில். அதனால் பொன்விழாவையும் நவம்பரில்தான் நடத்த வேண்டும் என்று முதல் கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கோத்தகிரிப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதைச் சொன்னதுதான் வேடிக்கை. நீலகிரிக்கு மழை இரண்டு. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆனி ஆடியில் கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் கொட்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்து மலை சரிந்ததை நேரில் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் இருந்தார்கள். ஆனாலும் சார்ட்டர் தேதி என்றால் அதற்கு ஒரு மயக்கம் உண்டு.

நான் அஞ்சல் துறையில் துணை அஞ்சலக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். கணக்கு எழுதத் தெரியும், ஊரில் எந்த வீடு எங்கே என்று தெரியும் என்பதால் விழாக்குழுவின் கன்வீனர் வேலை என் தலையில் விழுந்தது. முதலில் செய்த வேலை, ஒரு நாட்காட்டியை மேசைமேல் விரித்து ஒவ்வொரு மாதமாக அடித்ததுதான். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை ஹெத்தையம்மன் பண்டிகை. எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் படுகர்கள், அந்த நாட்களில் ஹட்டியை, அதாவது தங்கள் ஊரை, விட்டு வரமாட்டார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, ஆசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள். ஏப்ரலில் மாரியம்மன் திருவிழாக்கள். மே மாதம் பற்றிப் பேசவே வேண்டாம். ஊட்டியில் மலர்க்காட்சி, இங்கே நேரு பூங்காவில் காய்கறிக் காட்சி, அறை வாடகை மூன்று மடங்கு. கடைசியில் மிஞ்சியது பிப்ரவரி. காலையில் உறைபனி இருக்கும், பதினொரு மணிக்கு நல்ல வெயில் வந்துவிடும். எங்கள் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிவதால் பிப்ரவரி 2025-உம் பொன்விழா ஆண்டுக்குள்தான் வரும். சரி, அதுவே என்று முடிவானது. நவம்பரில் மாலை ஒரு கேக் வெட்டிச் சார்ட்டர் தேதிக்கும் மரியாதை செய்துவிட்டோம். அன்றைக்கு மழை பெய்தது, வேறு என்ன.

அடுத்தது பணம். இதில் எங்கள் அமைப்பில் ஒரு நல்ல விதி இருக்கிறது, பல உறுப்பினர்களுக்கே அது சரியாகத் தெரியாது. சங்கத்துக்கு இரண்டு கணக்கு. ஒன்று நிர்வாகக் கணக்கு: சந்தா, உறுப்பினர்கள் தங்கள் கையிலிருந்து கொடுப்பது, கூட்டத்தில் டெயில் ட்விஸ்டர் என்று ஒருவர் சிரிக்கச் சிரிக்க விதிக்கும் அபராதம். (இந்தப் பதவி எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் யாருக்கு வேண்டுமானாலும் அபராதம் போடலாம், அவருக்குப் போட வேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.) இன்னொன்று சேவைக் கணக்கு: பொதுமக்களிடம் திரட்டிய பணம். திரட்டுவதற்கான நேரடிச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், மீதி முழுக்க மக்களுக்கே திரும்பப் போக வேண்டும். அதிலிருந்து ஒரு வேளைச் சாப்பாடுகூட நாங்கள் சாப்பிடக் கூடாது.

விழா மலர் என்று வந்ததும் இந்த விதி உயிர் பெற்றது. மலர் என்றால் விளம்பரம். பின்னட்டைக்கு ஒரு விலை, உள்ளட்டைக்கு ஒரு விலை, முழுப்பக்கம், அரைப்பக்கம். தேயிலைத் தொழிற்சாலைகள், மேட்டுப்பாளையம் காய்கறி மண்டிகள், நகைக்கடை, பேக்கரி. தருகிறவர்கள் யாரும் விளம்பரத்தால் வியாபாரம் கூடும் என்று நம்பித் தருவதில்லை. கேட்க வந்த முகத்துக்காகத் தருகிறார்கள். அப்படி வந்த பணத்தைப் பொதுமக்கள் பணம் என்றுதான் நான் எழுதினேன். அச்சுச் செலவு போக மீதி சேவைக் கணக்குக்கு. விருந்துக்கும் மேடைக்கும் உறுப்பினர்கள் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இரண்டு மூத்தவர்களுக்கு முகம் சுருங்கியது. “மேடம், இதெல்லாம் யாரும் பார்க்கமாட்டாங்க” என்றார் ஒருவர். சேமிப்புக் கணக்குப் புத்தகத்தில் ஐந்து ரூபாய் வித்தியாசத்துக்கு ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்தவளிடம் சொல்லக்கூடிய வாதம் அல்ல அது. தலைக்கு இவ்வளவு என்று ஆனதும் விருந்துப் பட்டியல் தானாகவே பாதியானது. மூன்று வகை இனிப்பு ஒன்றாகியது. வந்தவர்களுக்குத் தேநீரும் வர்க்கியும். ஊட்டி வர்க்கிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை மேடையில் சொல்லிப் பரிமாறினோம். இனிப்பு குறைந்ததை ஒருவரும் கேட்கவில்லை.

மலரில் சங்க வரலாறு எழுத வேண்டும். அதற்குப் பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்தோம். மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. வெயிலில் காயவைத்து, மெல்லிய கத்தியால் பிரித்துப் பிரித்துப் படித்தேன். முதல் பதினைந்து ஆண்டு ஆங்கிலத்தில், அழகான கையெழுத்தில் இருக்கிறது. எஸ்டேட் மேலாளர்கள், ஒரு டாக்டர், தொழிற்சாலை உரிமையாளர்கள். யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், காபி யார் தந்தார் எல்லாம் உண்டு. கண் சிகிச்சை முகாம் பற்றியும் பக்கம் பக்கமாக உண்டு.

அந்த முகாம்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய காலம் அது. இன்றைக்கு மலையில் பரிசோதனை மட்டும்தான். புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் கோயம்புத்தூர் கூட்டிப் போய், லென்ஸ் வைத்து, சில நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு டாக்டர்கள்தான் மலையேறி வருவார்கள். விடுமுறையில் பள்ளிக்கூடத்தைக் கழுவிவிட்டு, ஒரு வகுப்பறையை அறுவை அறையாக்கி, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கையாக்குவார்கள். கண்ணுக்குள் லென்ஸ் வைப்பது கிடையாது. புரையை எடுத்துவிட்டுக் கட்டுப்போட்டு நாள்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பார்கள். சில வாரம் கழித்துச் சோடாப்புட்டிக் கண்ணாடி. அத்தனை நாளும் நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் யார் சமைத்தார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்த கிழவர்களை யார் கைபிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனார்கள்? புத்தகத்தில் ஒரே ஒரு வரி: பெண்கள் மிகவும் உதவினர். பெயர் இல்லை.

காரணமும் இல்லாமல் இல்லை. 1987 வரை எங்கள் அமைப்பில் பெண்கள் உறுப்பினராக முடியாது. 1917-ல் சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் தொடங்கியதிலிருந்து எழுபது ஆண்டுக்கு அதுதான் விதி. இத்தனைக்கும் பார்வையற்றவர்களுக்காக வேலை செய்யுங்கள் என்று 1925-ல் அமெரிக்காவின் சீடர் பாயிண்ட் மாநாட்டில் இவர்களைக் கேட்டுக்கொண்டவர் ஹெலன் கெல்லர். கண் முகாம் என்பதே ஒரு பெண் கொடுத்த வேலை. அவருடைய படம் எங்கள் அலுவலகச் சுவரில் இருக்கிறது. கஞ்சி காய்ச்சியவர்களின் படம் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

ஆமாம், படம் கிடைத்தது. முன்வரிசையில் கோட்டு போட்டவர்கள் நாற்காலியில். பின்னால் இரண்டு பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் தலைத்துணி கட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர். அதைப் பெரிதாக்கிப் பிரதி எடுத்துக்கொண்டு, என்னோடு கிளை அஞ்சலகத்தில் ஈ.டி.யாக (நிரந்தரமல்லாத தபால்காரராக) இருந்த அண்ணனிடம் போனேன். எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அவருக்கு. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லவில்லை, எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எந்த வீடு, ஹட்டியில் எந்த இடம் என்று முகவரி சொன்னார். “இது மேல் லயத்துல மூணாவது வீடு. இது ஹட்டியில கோயிலுக்குக் கீழ. இந்த அம்மாவுக்குக் கண்டியிலிருந்து நீலக் கடிதாசு வரும்.” அதை வைத்துத் தேடினோம். சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சிலருடைய பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய், தாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கேயே இருந்தவர்கள் நான்கு பேர்.

அவர்களில் ஒரு பாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். மேடையில் பொன்னாடை போர்த்தப் போகிறோம் என்றேன்.

“கஞ்சி காய்ச்சினதுக்கா? அன்னைக்கே அரை நாள் கூலி குடுத்திருந்தா வாங்கிட்டிருப்பேன்.”

“இப்ப மரியாதை பண்ணணும்னு நினைக்கிறாங்க பாட்டி.”

“பண்ணட்டும். அந்தப் பளபளத் துணி எனக்கு எதுக்கு? ராத்திரிக் குளிருக்குப் போத்திக்கிற மாதிரி எதாவது குடுக்கச் சொல்லு.”

நியாயமான கோரிக்கை. பொன்னாடை என்பது சமவெளியின் வழக்கம். பிப்ரவரி ராத்திரியில் அந்த ஜரிகைத் துணியால் இங்கே எந்தப் பயனும் கிடையாது. எல்லோருக்கும் கம்பளிச் சால்வை என்று மாற்றினோம், எங்கள் அமைப்பின் மாவட்ட ஆளுநர் உள்பட. தோடர் பூத்தையல் போட்டது வாங்கலாம் என்று ஒருவர் ஆசைப்பட்டார். நிர்வாகக் கணக்கைக் காட்டினேன், விட்டுவிட்டார். சால்வைகள் கோவையிலிருந்து ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில் வந்தன. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை மாநிலம் முழுக்க 2019-ல் வருவதற்கு வெகு முன்பே வந்தது. அதை நாங்களே ஊர்வலம் விட்டுப் பிரசாரம் செய்தவர்கள். உறையை எல்லாம் கழற்றி அனுப்புங்கள் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தோம்.

பெரிய சண்டை நிகழ்ச்சி நிரலில்தான். எங்கள் கூட்டங்களுக்கு என்று ஒரு மரபு உண்டு: மணி அடித்துத் தொடக்கம், கொடி வணக்கம், இறைவணக்கம், பிறகு பதவி வரிசைப்படி ஒவ்வொருவருக்கும் அறிமுகம், வரவேற்பு, உரை. வட்டாரத் தலைவரை மண்டலத் தலைவருக்கு முன்னால் அழைத்துவிட்டால் அதற்கு ஒரு மாதம் வருத்தம். இந்த வரிசை முடிந்தபிறகுதான் “சிறப்பிக்கப்படுவோர்” வரும், அதாவது நான்கரை மணிக்கு மேல். நான்கு பாட்டிகளையும் முதலில் கூப்பிட வேண்டும் என்று சொன்னேன். உழைத்தவர்களுக்கு முன்னுரிமை என்று பேசிப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள், நிரலை மட்டும் மாற்றவில்லை. மரபு என்றார்கள்.

அப்புறம் பஸ் நேரத்தைக் கொண்டுபோய் வைத்தேன். மேல் லயத்துக்குப் போகும் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதை விட்டால் நடை. நடந்தால் தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும், கோத்தகிரிப் பக்கம் கரடி எங்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. “விழாவுக்கு வந்த பாட்டியைக் கரடி அடிச்சுதுன்னு பேப்பர்ல வந்தா, அதுல எந்தச் சங்கம்னு போடுவாங்க” என்றேன். ஐந்தே நிமிடத்தில் நிரல் மாறியது. கொடி வணக்கம், இறைவணக்கம், உடனே சிறப்பு செய்தல். நியாயத்துக்கு இறங்காதவர்கள் கரடிக்கு இறங்கினார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, வேலை நடந்தது.

விழா நாள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கோவையிலிருந்து வந்த இரண்டு கார்கள், வெளியூர் வண்டிகள் மலையேற வேண்டிய இ-பாஸ் எடுக்காமல் வந்து குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் நின்றன. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிற விஷயம், அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தோம், ஆனால் அழைப்பிதழை யார் படிக்கிறார்கள்? அங்கேயே கைபேசியில் பதிவு செய்து வந்துவிட்டார்கள். நடுவில் கரண்ட் போனது, ஒலிபெருக்கி இல்லாமல் போனதால் இரண்டு உரைகள் சுருக்கமாக முடிந்தன. படுகர் நடனத்துக்கு மேளக்காரர்கள் வந்ததும் மாவட்ட ஆளுநரே இறங்கி வட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

பாட்டிகளை அழைத்தபோது எங்கள் தலைவர் ஒரு காரியம் செய்தார், நான் எதிர்பார்க்கவில்லை. அவர்களை மேடை ஏறச் சொல்லாமல் அவரே கீழே இறங்கி வந்தார். மூட்டுவலிக்காரர்களுக்கு அந்தப் படிக்கட்டு பெரிய தொல்லை. தலைவர் இறங்கியதால் பதவி வரிசையில் இருந்த மற்றவர்களும் இறங்க வேண்டியதாயிற்று. அழைத்த ஒவ்வொரு பெயரும் முழுப்பெயர், கணவர் பெயரோ எஸ்டேட் பெயரோ முன்னால் ஒட்டாமல். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். சால்வை கேட்ட பாட்டி அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு நாலே முக்காலுக்குக் கிளம்பினார்.

புதிய செயலாளர் இளைஞர், கேரட் விவசாயி. மார்ச் மாதப் பரிசோதனை முகாம் தீர்மானத்தை எழுதும்போது, தேநீர் போட்டவர்கள், நோயாளிகளைப் பஸ் ஏற்றிவிட்டவர்கள் பெயரையும் எழுதச் சொன்னேன். “அவங்க மெம்பர் இல்லையேக்கா” என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதியிருக்கிறார், இரண்டு பெயரில் எழுத்துப் பிழையோடு.

மலர் விளம்பரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் பணம் வரவில்லை. பச்சைத்தேயிலை விலை ஏறட்டும் என்கிறார் ஒருவர். அப்படியானால் நான் அடுத்த பொன்விழாவரை காத்திருக்க வேண்டியதுதான். இன்னொருவர் அரைப்பக்கம் கேட்டதாகவும் நாங்கள் முழுப்பக்கம் போட்டுவிட்டதாகவும் சொல்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட படிவம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.