கதவு எங்கே போனது?

விளிம்பைப் பிடித்து லேசாகத் தள்ளினேன், கதவு சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் அலமாரிக்குள்ளேயே மறைந்துவிட்டது.

கோபன்ஹேகனில் ஒரு பழைய சாமான் கடை. 1960களின் தேக்கு அலமாரி, இடுப்பளவு உயரம், கீழே போகப்போக மெலியும் நான்கு கால்கள்.

குனிந்து பார்த்தேன். விரல் அகலச் சட்டங்களை வரிசையாக அடுக்கிப் பின்னால் கான்வாஸ் துணியில் ஒட்டியிருக்கிறார்கள், அதனால்தான் மரம் பாய் மாதிரி வளைகிறது! மேலும் கீழும் மரத்தில் வெட்டிய ஒரு காடி (பள்ளம்), கதவு அதிலேயே ஓடி மூலையில் திரும்பி உள்பக்கம் போய்விடுகிறது. திறந்த கதவு அறைக்குள் ஒரு அங்குலம்கூட நீட்டாது. சின்ன வீட்டில் இருந்தவர் யாரோ யோசித்திருக்க வேண்டும்.

"முழுத் தேக்கா?" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, மேலே வெனீர்தான், அதாவது ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு, ஓரப்பட்டையும் காலும் மட்டும் அசல் கட்டை என்றார். நேர்மையான மனுஷன்.

டென்மார்க்கில் ஏது தேக்கு? போருக்குப் பின் தாய்லாந்து, பர்மா பக்கமிருந்து கப்பலில் வந்த மரம். அதை ஏதோ கொல்லையில் வளர்ந்தது போல உலகம் முழுக்க 'டேனிஷ் தேக்கு' ஆக்கிவிட்டார்கள், கெட்டிக்காரர்கள்.

விலையைக் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டு, அப்புறம் இன்னொரு தடவை கதவை மட்டும் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தேன்.