மீன் தொட்டித் தண்ணீர் பால் மாதிரி கலங்கினால்

முதலில் ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் தூள் படிந்தால் கழுவாத மணல்தான் காரணம். படியாமல் வெண்மையாகவே நின்றால் பாக்டீரியாப் பெருக்கம். பச்சையாக இருந்தால் பாசி.

புதுத் தொட்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான். அப்போது முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள். நல்லது செய்யும் பாக்டீரியா பில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். குளிரில் அது இன்னும் மெதுவாகும், ஏற்காட்டில் வளர்ப்பவர்கள் கூடுதலாகப் பொறுக்க வேண்டும். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள், 2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். இந்தக் கலங்கலில் ஆக்சிஜன் குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அதுதான் அடையாளம். மீன் கழிவில் உருவாகும் நஞ்சான அம்மோனியாவைச் சோதித்து, ஏறியிருந்தால் கால்வாசித் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். 2 அடி தொட்டி என்றால் சுமார் 14 லிட்டர்.

சேலத்துக் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரினை நீக்கும் மருந்தைக் கலந்தபிறகே ஊற்றுங்கள். பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவவே கூடாது! பாக்டீரியா செத்து, ஆறிய கலங்கல் மறுபடி வரும். தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள்.

போர் தண்ணீர் வேறு கதை. உப்பு அதிகமென்றால் கண்ணாடியில் வெள்ளைப் படிவு ஏறும், வினிகர் தொட்ட துணியால் வெளிப்புறம் துடைத்தால் போகும்.

தண்ணீர் பச்சையாக இருந்தால், விளக்கைத் தினம் 6 மணி நேரத்தோடு நிறுத்தி, ஜன்னல் வெயிலை மறையுங்கள்.