லாக்கி, ஓர் ஒற்றை அறை வீடு: சென்சஸ் நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

ஸ்காட்லாந்தில் டண்டி நகரை ஒட்டிய லாக்கி. பழைய சென்சஸ் ஏடுகளில் நான் தேடுவது சணல் ஆலைக் குடும்பம் ஒன்றை, பெயர் வேண்டாம். 1851 சென்சஸ், மார்ச் 30 இரவு. கணவன் 34, மனைவி 28, பிள்ளைகள் 4, 2. டண்டி என்று மட்டும் தேடினால் அகப்படாது, லாக்கி அப்போது லிஃப்-பென்வீ பங்கில் (தேவாலய வட்டாரத்தில்) இருந்தது.

பிறந்த இடம்: பெற்றோருக்கும் மூத்த பெண்ணுக்கும் வெறும் ‘அயர்லாந்து’. ஸ்காட்லாந்தில் பிறந்தவர்களுக்குப் பங்கின் பெயர் வரை இருக்கும், அயர்லாந்துக்காரர்களுக்குப் பெரும்பாலும் நாட்டோடு சரி. இளையவன் பிறந்தது லிஃப்-பென்வீ. ஆக, கடல் தாண்டியது 1846க்கும் 1849க்கும் நடுவே, உருளைக்கிழங்குப் பஞ்சத்தில். 1841 ஏட்டைப் புரட்டுவது வீண். அயர்லாந்தில் எந்த ஊர் என்பதுதான் தேட வேண்டியது.

மார்ச் 7, வியாழன்

1861. குடும்பப் பெயரில் தேடினால் ஆளில்லை. வீட்டார் தந்த படிவம் மிஞ்சவில்லை. நம் கையில் இருப்பது கணக்கெடுப்பாளர் தன் புத்தகத்தில் பெயர்த்து எழுதியது. ஐரிஷ் பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பிள்ளைகளின் முதற்பெயர், வயது (5 கூட்டிக் குறைத்து), பங்கு என்று போட்டதும் வந்துவிட்டது.

கணவனுக்கு 42! பத்தாண்டில் எட்டு வயதுதான் ஏறியிருக்கிறது. இது சகஜம், வயதை வைத்து ஆளைத் தள்ளிவிடக் கூடாது. தாய் விசைத்தறி நெசவு, 14 வயதுப் பெண் நூற்பு, 12 வயதுப் பையன் அரைநேரக்காரன்: பாதி நாள் ஆலை, பாதி நாள் பள்ளி. கீழே 7, 3 வயதில் இரண்டு பெண்கள். தங்கியிருப்போர் இருவர். எட்டுத் தலைக்கு ‘சன்னல் உள்ள அறை: 1’. ஸ்காட்லாந்தில் இந்தக் கேள்வி அந்த ஆண்டுதான் புதிதாக வந்தது; நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் ஒற்றை அறையில். சன்னல் இல்லாத உள்ளறை கணக்கில் வராது, அதனால் 1 என்றால் ஒரே அறைதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது.

கணக்கெடுப்பாளர் புத்தகத்தில் ஒற்றைச் சாய்கோடு குடும்பம் முடிந்ததற்கு, இரட்டைக்கோடு கட்டடம் முடிந்ததற்கு. அதைப் பார்க்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் இங்கே வந்துவிடும்.

மார்ச் 11, திங்கள்

1871 ஏப்ரல் 2. புதிதாக ஒரு பையன், தேடல் அட்டவணையில் வயது 3. தாய்க்கு 48. உதைக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் அது 8. எண்ணிக் கூட்டிய எழுத்தர் வயதின்மேல் இழுத்த கோடு இடப்பக்க வளைவை விழுங்கியிருக்கிறது. அப்படியானால் பிறப்பு 1862 அல்லது 1863. நல்ல காலம்.

மார்ச் 12, செவ்வாய்

ஏன் நல்ல காலம்? ஸ்காட்லாந்தில் பிறப்புப் பதிவு 1855-ல் தொடங்கியது. 1856 முதல் 1860 வரை படிவத்தில் பெற்றோரின் திருமண விவரம் கிடையாது, ஆகவே அந்த 3 வயதுக்காரியின் பதிவால் பயனில்லை. 1861-லிருந்து அது திரும்ப வந்துவிட்டது. பையனின் பதிவில் ‘1844, மோனகன் கவுண்டி’ என்றிருக்கிறது. கத்தோலிக்கத் திருமணங்களுக்கு அயர்லாந்தில் அரசுப் பதிவு 1864-ல்தான் வந்தது. எனவே அடுத்து மோனகன் பங்குப் பதிவேடுகள்.