கிணற்றடியிலிருந்து தென்னைமரம் வரை

புதுச்சேரியிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகிறது. வில் நாணை இழுத்த வலது கையின் மூன்று விரல்களும் இன்னும் எரிகின்றன. ரசம் சோறு பிசையும்போது உயிர் போகிறது. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் சொல்லியிருந்தேன். முதலில் அந்த ஆட்டோக்காரரிடம் இருந்து தொடங்குகிறேன். அப்போதுதான் மனம் ஆறும்.

திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டது. விழுப்புரம் தாண்டிப் பெய்த மழையெல்லாம் என் மடியில். நனைந்த கோழியாக இறங்கியவனைப் பார்த்ததுமே ஆட்டோக்காரர் விலையை முடிவு செய்துவிட்டார். குருசுக்குப்பத்துக்கு 350 ரூபாய். “மீட்டர் இருக்கிறதே?” என்றேன். “அது பாட்டுக்கு இருக்கட்டும் சார்” என்றார். 250-க்கு இறங்கி வந்தார். அதுவே பகல் கொள்ளை. அந்தக் காசில் திருச்சிக்கே பாதி வழி திரும்பியிருக்கலாம்.

நான் போனது கடற்கரையைப் பார்க்க அல்ல, நண்பனின் தாய்மாமனைப் பார்க்க. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், புதுச்சேரிக்காரர்கள் ‘சொல்தா’ என்பார்களே, அந்த வகை. மாமா முப்பது ஆண்டுகள் பிரான்ஸில் தொழிற்சாலை வேலை பார்த்தார். 1995-ல் அங்கே வில்வேட்டையைச் சட்டம் அனுமதித்தது. அதன் பிறகு வார இறுதிகளில் இவர் காட்டுப்பன்றியைத் தேடிப் போகத் தொடங்கினார். கப்பியும் சக்கரமும் வைத்த நவீன வில் அல்ல. ஒரே மரத்தில் செதுக்கிய வில்.

அந்த வில்லைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தார். யூ என்ற ஊசியிலை மரம். வெளிப்பக்கம் வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை, உட்பக்கம் செம்பழுப்பு. வெளுத்த மரம் இழுவையைத் தாங்கும், சிவந்த மரம் அழுத்தத்தைத் தாங்கும்; இரண்டு குணமும் ஒரே கட்டையில் இருப்பதால்தான் அந்த மரத்துக்கு அவ்வளவு மதிப்பு. நாணை முழுதாக இழுக்க ஏறக்குறைய 25 கிலோ வலு வேண்டும். என்னால் மோவாய் வரைகூடக் கொண்டுவர முடியவில்லை. வீட்டு மூட்டையைத் தூக்குபவன்தானே நான் என்ற இறுமாப்பு அங்கேயே இறங்கிவிட்டது.

“பாய்ந்து வரும் பன்றியை எய்வீர்களா மாமா?” என்று கேட்டேன். சிரித்தார். “அப்படிச் செய்பவன் திரும்பி வரமாட்டான் தம்பி.” கிணற்றடியில் என்னை நிறுத்திவிட்டு, தென்னைமரம் வரை எட்டு வைத்து எண்ணினார். பதினைந்து. “இதற்கு மேல் தூரம் என்றால் நான் நாணைத் தொடமாட்டேன்.” காற்று நம் முகத்தில் அடிக்க வேண்டும். விலங்கு நம்மைப் பார்த்து நிற்கக் கூடாது. கிழட்டு ஆண் பன்றிக்குத் தோளில் கேடயம் மாதிரித் தடித்த தோல். அம்பு அதில் சிக்கிக்கொண்டால் காயம்பட்ட பன்றி நம் தொடையைக் கிழித்துவிடும். பன்றி பக்கவாட்டில் நின்று முன்னங்காலை ஒரு அடி முன்னே வைக்கிற வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து காத்திருந்து எய்யாமலே வீடு திரும்பிய நாள்கள்தான் அதிகமாம்.

பிறகு சமையலறையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டைக் கொண்டுவந்து இரண்டு விரல்களில் மாட்டி இழுத்துப் பிடிக்கச் சொன்னார். மழுங்கிய அம்பு முனையால் அழுத்தினார். ரப்பர் வளைந்து ஒதுங்கியது. தீட்டிய முனையால் லேசாகத் தொட்டார். பட்டென்று அறுந்து என் கன்னத்தில் அடித்தது. “ரத்தக் குழாயும் இப்படித்தான் ஒதுங்கும். தோட்டா அடித்துக் கொல்கிறது. அம்பு அறுத்துத்தான் கொல்கிறது.” எய்த பிறகு அரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், உடனே துரத்தினால் விலங்கு எழுந்து ஓடிவிடும். அப்புறம்தான் ரத்தத் தடம் பார்க்க வேண்டும்.

விஷம் தடவினால் சுலபம் இல்லையா என்று கேட்டதுதான் தாமதம், வாசலில் இருந்த பூந்தொட்டியைக் காட்டினார். அடினியம்! நம் மொட்டைமாடிகளில் எல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கிறதே, அதன் பாலைக் காய்ச்சித்தான் தான்சானியாவின் ஹாட்சா மக்கள் அம்பில் பூசிப் பெரிய விலங்குகளை வீழ்த்துகிறார்கள். கென்யாவின் வாட்டா வேட்டைக்காரர்கள் வேறொரு மரத்தின் விஷத்தோடு, 45 கிலோவுக்கு மேல் இழுவை கொண்ட விற்களால் யானையையே சாய்த்தவர்கள். என் அம்மா அந்தப் பூவைப் பறித்துச் சாமிக்கு வைக்கிறாள்.

1920-ல் அமெரிக்காவில் சாக்ஸ்டன் போப், ஆர்தர் யங் என்ற இருவர் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கிரிஸ்லி கரடிகளை வில்லால் கொன்றார்கள், அருங்காட்சியகத்துக்காக. போப் ஒரு மருத்துவர். யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தில் கடைசியாக எஞ்சியிருந்த இஷியிடம் வில் பழகியவர். இஷிக்கு வில் பிழைப்பு. இவர்களுக்கோ பொழுதுபோக்கு. எனக்கு அதில் வீரம் தெரியவில்லை, கிறுக்குதான் தெரிகிறது. மாமாவிடம் அதைச் சொல்லவில்லை, சாப்பாடு இன்னும் வரவில்லை.

வல்வில் ஓரியைப் பற்றி மட்டும் கேட்டேன். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடுகிறாரே? “யானையோடு நின்றிருந்தால் நம்பியிருப்பேன்” என்றார். “உடும்பு வந்ததும் புலவருக்குப் பரிசு தேவைப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.”

சாப்பாடு! வினிகரும் பூண்டும் தூக்கலாகப் போட்டு அத்தை சமைத்த பன்றிக்கறி. இது கடையில் வாங்கிய வீட்டுப்பன்றி. இந்தியாவில் வேட்டைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் அதன் 1991 திருத்தத்திலும் பூட்டுப் போட்டாயிற்று, மாமாவின் வில் இங்கே சாக்குமூட்டையைத்தான் பார்க்கிறது. மொறுமொறுப்பான பிரெஞ்சு ரொட்டியைக் கிழித்து அந்தக் கொழுப்புக் குழம்பில் முக்கி முக்கி ஐந்து துண்டு தின்றேன். அத்தை ஆறாவதை வைத்தபோது மறுக்கவும் இல்லை. எந்த ஹோட்டலிலும் இது கிடைக்காது. கிடைத்தாலும் என் பட்ஜெட்டில் கிடைக்காது.

மொத்தச் செலவு 980 ரூபாய், ஆட்டோவின் அநியாயம் உட்பட. தங்கவில்லை, அதனால் அறை வாடகை பற்றி எழுத ஒன்றுமில்லை. சாயங்காலம் மாமா என்னிடம் இலேசான மூங்கில் வில் ஒன்றைக் கொடுத்து எய்யச் சொன்னார். பதினைந்தே எட்டு, அசையாத மூட்டை. பன்னிரண்டு அம்பில் இரண்டு தைத்தன. ஒன்று பக்கத்து வீட்டு முருங்கைமரத்தில் போய்ச் சொருகிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லையாம். அம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது என்று நேற்று நண்பன் போன் செய்தான்.