ஜிடிஓ இல்லை, லெமான்ஸ்

பழைய கார் பார்க்கப் போகும்போது பணத்தை மறந்தாலும் காந்தத்தை மறக்காதே என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. நான் எடுத்துப் போனது எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மகாபலிபுரம் காந்தம். கடற்கரைக் கோயில் படம் போட்டது. மிஷிகனில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகை, மார்ச் மாதக் குளிர், உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் சிவப்பு நிற 1966 போன்டியாக் கார். பின்சக்கரத்துக்கு மேலே காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. ஒரு சாண் கீழே வைத்தேன். கடற்கரைக் கோயில் வழுக்கிக்கொண்டே போய் மண்ணில் விழுந்தது. அங்கே தகடே இல்லை, முழுக்கப் பட்டிப் பூச்சு. விற்பவர் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல் நின்றார்.

“ஒரிஜினல் ஜிடிஓ” என்றுதான் விளம்பரத்தில் போட்டிருந்தார்; போன்டியாக்கின் பேர்போன வேகக் கார். விலை 19,000 டாலர். முன் ஃபெண்டரில் ஜிடிஓ பேட்ஜ், பானட்டில் காற்று வாங்கும் மேடு, எல்லாம் சரியாகவே இருந்தன. அந்தக் கால வண்டிகளில் சேசிஸ் எண் தகடு, இப்போது போல் கண்ணாடிக்குக் கீழே இருக்காது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கீல் மாட்டியிருக்கும் தூணில் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன். 1966 ஜிடிஓ என்றால் எண் 242 என்று தொடங்க வேண்டும். இதில் 237. அதாவது லெமான்ஸ். ஜிடிஓவின் சாதுவான அக்கா.

சொன்னேன். தான் வாங்கும்போதும் ஜிடிஓ என்றுதான் சொன்னார்கள் என்றார். பொய்யா உண்மையா தெரியாது. கிளம்பி வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். 9,500க்குப் பேசி முடித்தோம்.

மோசடி என்று தெரிந்த பிறகும் ஏன் வாங்கினாய் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஜிடிஓவின் கதை தெரிந்தால் கேட்கமாட்டார்கள். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் அப்போது ஒரு விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். போன்டியாக்கின் 326 இன்ஜினும் பெரிய கார்களுக்கான 389 இன்ஜினும் வெளியளவில் ஒன்றேதான். 326 உட்காரும் இடத்தில் 389 அப்படியே உட்கார்ந்துவிடும். அதைத் தனி மாடலாக அறிவிக்காமல், 1964இல் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான ஆப்ஷன் பேக்கேஜ் என்று 300 டாலருக்குச் சற்றுக் குறைவாக விலை வைத்து விற்றார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 போனது. 1966இல் தனி மாடல் ஆகி 96,946. மசில் கார் (நடுத்தரக் காரில் பெரிய இன்ஜின்) என்ற வகையே அந்த ஆப்ஷன் தாளில் இருந்துதான் சூடு பிடித்தது என்பார்கள். அப்படிப் பார்த்தால் ஜிடிஓவே லெமான்ஸுக்கு வேஷம் கட்டியதுதான். என் வண்டிக்கும் யாரோ அதே வேஷத்தை வீட்டில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

போன்டியாக்கில் ஒரு வசதி உண்டு. பழைய வண்டியின் எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், தொழிற்சாலையிலிருந்து அது எப்படி வெளியே வந்தது என்ற பில்லிங் விவரத்தைப் பிஎச்எஸ் என்ற ஆவணச் சேவை அனுப்பிவைக்கும். எனக்கு வந்த தாளில் இருந்தது: லெமான்ஸ் ஹார்ட்டாப், 326 இன்ஜின், இரட்டைக் குழல் கார்புரேட்டர், இரண்டே கியர் கொண்ட ஆட்டோமேட்டிக், மரினா டர்காய்ஸ் நிறம். கட்டிய இடம், இங்கே பக்கத்திலிருக்கும் போன்டியாக் நகரம். பிளாக்கின் முன்பக்கம் அழுக்கைச் சுரண்டி இரண்டெழுத்துக் குறியைப் படித்தேன். பிறக்கும்போது வைத்த அதே 326, 250 குதிரைத்திறன். ஆனால் ஃபெண்டர் பேட்ஜில் “6.5 லிட்டர்” என்று இருக்கிறது! உள்ளே இருப்பது 5.3. (சொல்லப்போனால் 389கூட 6.4தான். அசல் ஜிடிஓவின் பேட்ஜும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.)

நான் பிழைப்புக்குச் செய்வது இன்ஜின் கேலிப்ரேஷன். லேப்டாப்பில் எண்களை மாற்றினால் இன்ஜின் கேட்டுக்கொள்ளும். கையில் கிரீஸ் படாமல் பதினான்கு வருடம் இந்தத் தொழிலில் இருந்திருக்கிறேன். அப்பா கோயம்புத்தூர் கணபதியில் முப்பத்தைந்து வருடம் அம்பாசடர் மெக்கானிக். இந்த ஏற்பாட்டில் யாருக்கு வெட்கம் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

கம்பளத்தைக் கிழித்ததும் தெரிந்தது, தரை இத்துப்போயிருந்தது. மிஷிகன் குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு கீழிருந்து தின்றிருக்கிறது. மேலிருந்து வேறு கதை. பின் கண்ணாடியின் கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கி, அங்கே ஓட்டை விழுந்து, டிக்கிக்குள் ஒழுகி, டிக்கித் தரையையும் தின்றிருந்தது. முந்தைய உரிமையாளர் ஒருவர் அந்த ஓட்டையை அடைத்திருந்தது எதனால் தெரியுமா? ஒரு பழைய ஸ்டாப் சைன் தகடு. ரிவெட் அடித்து மேலே தார் பூசியிருந்தார். கழற்றித் திருப்பினால் சிவப்பில் வெள்ளை எழுத்து. அதைக் கராஜ் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன்.

புதுத் தரைத் தகடுகள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவது சுலபம், உட்கார வைப்பதுதான் வேலை. பழையதை வெட்டும் முன் இரண்டு கதவு நிலைகளுக்கும் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டு பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தரையை எடுத்ததும் பாடி தளர்ந்து, அப்புறம் கதவு மூடாது. ஒவ்வொரு ஸ்பாட் வெல்டையும் தேடித் துளையிட்டுப் பிரிக்க வேண்டும். முதல் துண்டை ஒரே இழுப்பில் வெல்டு அடித்தேன். ஆறியதும் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. வெட்டி எறிந்துவிட்டு இரண்டாவது வாங்கினேன். இந்த முறை ஒரு ஓரத்தில் ஒரு பொட்டு, எதிர் ஓரத்தில் ஒரு பொட்டு, கை வைத்துப் பார்த்துச் சூடு இறங்கியதும் அடுத்த பொட்டு. ஒரு சனிக்கிழமைக்கு ஒரு முழம். தரைக்கு மட்டும் ஒரு குளிர்காலம் முழுதும் போனது.

இன்ஜினை நான் முழுதாகப் பிரிக்கவில்லை. கம்ப்ரஷன் எட்டு சிலிண்டரிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. ஆனால் ஆயில் பேனை மட்டும் கழற்றிப் பார்த்தேன், அது நல்லதாயிற்று. அடியில் படிந்திருந்த கருஞ்சேற்றை விரலால் கிளறினால் சின்னச் சின்னப் பல்லாக வந்தது. நைலான். அக்காலத்தில் டைமிங் செயின் சத்தம் போடாமல் இருக்க கேம் கியருக்கு நைலான் பல் வைத்தார்கள். வயதானால் அது நொறுங்கி ஆயில் பம்பின் வாயை அடைக்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் இன்ஜின் போயிருக்கும். முழு இரும்பில் புது செட் மாட்டினேன். பிளக்குகளுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டி, ஒரு வீடியோவைப் பார்த்துப் பிளக் ஒயர்களை 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் கோத்தேன்.

செல்ஃப் அடித்தேன். ஓடவில்லை. மறுபடி அடித்தேன். கார்புரேட்டர் வாய் வழியாக டமார் என்று தீ வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த என் இடது புருவத்தில் பாதி போனது. டைமிங்கை முன்னே தள்ளினேன், பின்னே தள்ளினேன். இரண்டு நாள். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைக் கார்புரேட்டர் பக்கம் காட்டிச் செல்ஃப் அடித்தேன்.

“நிறுத்து நிறுத்து. ஆர்டரெல்லாம் சரியாப் போட்டியா கண்ணு?”

“போட்டனுங்கப்பா. மூணு தடவை பாத்துட்டேன்.”

“ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, செல்ஃபை லேசாகத் தட்டிப் பார்த்தேன். உள்ளே சுழலும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றியது. நான் பார்த்த வீடியோ ஷெவர்லே வி8க்கானது. இரண்டுக்கும் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஒன்றேதான், ஆனால் ஷெவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டர் வலஞ்சுழி. ஒயர்களைத் திருப்பிக் கோக்கக் கால்மணி நேரம் ஆனது. அடுத்த அடியில் பிடித்துக்கொண்டது. போன்டியாக் வி8 ஐடிலில் போடும் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பால் கேன் ஏற்றிய டெம்போ தூரத்தில் வருகிற மாதிரி என்று வேண்டுமானால் சொல்லலாம். அப்பா போனில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “பாயிண்ட் கேப் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார். அளந்தேன். பாயிண்ட் மூடியிருக்கும் கோணமான ட்வெல் (கேப் கூடினால் இது குறையும்) 30 டிகிரி இருக்க வேண்டியது 26 காட்டியது. போனில் அதை எப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஓடியது என்ற சந்தோஷத்தில் அன்று மாலையே ஒரு முட்டாள்தனம் செய்தேன். பிரேக்கில் கை வைக்கவே இல்லை, பெடல் கெட்டியாகத்தானே இருக்கிறது என்று ரிவர்ஸ் போட்டேன். எங்கள் டிரைவ்வே தெருவை நோக்கிச் சரியும். பாதி வழியில் பிரேக்கை மிதித்தேன். ஒரு கணம் பிடித்தது, பிறகு பெடல் தரைவரை போய்விட்டது. இடது காலால் பார்க்கிங் பிரேக்கைத் தேடி மிதிப்பதற்குள் குப்பைத் தொட்டி கவிழ்ந்து வண்டி நடுத்தெருவில். நல்லவேளை, யாரும் வரவில்லை. பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயில் ஊசி முனை அளவு துரு ஓட்டை. அதற்கு நாலு சக்கரமும் ஏன் போக வேண்டும்? 1966 வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. எங்கே ஒழுகினாலும் மொத்தமும் போச்சு. முன்னுக்கொன்று பின்னுக்கொன்று என்ற இரட்டை அறை அடுத்த ஆண்டு மாடலில்தான் வந்தது. நாலு சக்கரத்திலும் டிரம், பவர் பிரேக் கிடையாது. குதிரைத்திறனைப் பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

நான் காசை அள்ளிக் கொட்டியது இங்கேதான். குழாய் மொத்தமும் புதிது, இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க். அசல் கெட்டுவிட்டது என்று ஒருவர் குறை சொன்னார். சொல்லட்டும். பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இன்னோர் ஆள் வேண்டும். மகள் ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்துகொண்டாள், கால் எட்டுவதற்காக. “அமுக்கு… பிடி… விடாதே… சரி, விடு.” நாலு சக்கரத்துக்கும் இரண்டு மணி நேரம். கடைசியில், “இதுல எந்தப் பட்டனும் இல்லையாப்பா?” என்று கேட்டாள்.

பெயிண்ட் விஷயத்தில் கொஞ்சம் தடுமாறினேன். 400 இன்ஜின் ஒன்றை வாங்கிப் போட்டு, ஜிடிஓ வேஷத்தையே முழுமையாக்கலாம் என்று ஆசை வந்தது. வெளியளவு ஒன்றுதானே, யாருக்கும் தெரியாது. ஆனால் சிவப்பைச் சுரண்டச் சுரண்ட, கதவின் உள்மடிப்பில் அந்தப் பழைய நீலப்பச்சை பளிச்சென்று வந்தது. ஐம்பது வருடம் வெயில் படாத இடம். அதைப் பார்த்த பிறகு மனது வரவில்லை. பேட்ஜ்களைக் கழற்றினேன். பேட்ஜுக்காகப் போட்டிருந்த துளைகளை ஒவ்வொன்றாக வெல்டு வைத்து அடைத்தேன். மேடு இல்லாத பழைய லெமான்ஸ் பானட் ஓஹையோவில் கிடைத்தது. பெயிண்டை மட்டும் வெளியே கொடுத்தேன். சொன்னது இரண்டு மாதம், ஆனது ஏழு. பெயிண்ட் கடைக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் ஒரே காலண்டர்தான் போலிருக்கிறது.

பழைய கார்களுக்கான ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கினேன். அது இருந்தால் கண்காட்சி, ஊர்வலம், கிளப் நிகழ்ச்சி என்று மட்டும்தான் ஓட்டலாம், ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் மிஷிகனில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகஸ்ட் முதல் வாரமே போன்டியாக் நகரத்திலிருக்கும் பராசக்தி கோயிலுக்குப் போனோம். வண்டி பிறந்த ஊரிலேயே அம்மன் இருக்கும்போது வேறெங்கே போவது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். திரும்பிப் பார்த்தால், பழச்சாறுக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக ஆயில். போன்டியாக் வி8இல் கிராங்க்கின் பின்பக்க சீல் கயிறு மாதிரித் திரித்தது, கொஞ்சம் கசியத்தான் செய்யும். அட்டையைப் போட்டுத் துடைத்துவிட்டு வந்தோம். இப்போது டிக்கியில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி உண்டு.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் குரூஸ். 1995இல் தொடங்கியது. ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் வரை உட்வர்ட் அவென்யூ முழுக்கப் பழைய கார்கள். அறுபதுகளில் பையன்கள் சிக்னலுக்குச் சிக்னல் பந்தயம் விட்ட அதே சாலை. இன்று நடக்கிற வேகத்தில்தான் போகலாம். பெர்மிங்ஹாம் தாண்டியதும் டேஷ்போர்டில் சூட்டு விளக்கு சிவப்பாக எரிந்தது. ஒரு குறுக்குத் தெருவில் ஒதுக்கிப் பானட்டைத் திறந்தேன். ஓரமாக மடக்கு நாற்காலி போட்டிருந்த ஒரு முதியவர் எழுந்து வந்தார்.

ஜிடிஓவா என்றார். இல்லை, லெமான்ஸ், 326 என்றேன். தலையாட்டிவிட்டு இன்ஜினை எட்டிப் பார்த்தார். நீங்கள் ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் என்ற கூட்டை மாட்டவில்லை, ஃபேன் வெறுங்காற்றைச் சுற்றுகிறது என்றார். எனக்கு அது இருந்திருக்க வேண்டும் என்பதே தெரியாது. வாங்கும்போதே இல்லை.

நாற்பது நிமிடம் ஆற விட்டோம். அவர் கூலரிலிருந்து மகளுக்கு ஒரு சோடா கொடுத்தார். இரவு வீட்டுக்கு வந்ததும் ஷ்ரவுட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டேன்.