கத்திப் பட்டறைக்கு எந்தக் கிளாம்ப்?

டிரில் மெஷினில் கை கிழிவது எளிது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். கைப்பிடிக்குள் அடங்கும் கத்தியின் வால்பகுதியான டாங்கில், கைப்பிடியைப் பிணைக்கும் 5 அல்லது 6 மி.மீ. பின்னுக்கு (உலோகக் கம்பி) துளை போடும்போது முக்கால்வாசி ஆழம்வரை எந்தத் தொந்தரவும் இருக்காது. டிரில் பிட் அடிப்பக்கம் எட்டிப்பார்க்கிற அந்த நொடியில் மிச்சமிருக்கும் மெல்லிய தகட்டைப் பிட்டின் புரி கவ்விக்கொள்ளும். கத்தி பிட்டில் மேலேறி, மின்விசிறி இறக்கைபோலச் சுழலும். கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கையுறை போட்டிருந்தால் அதையும் சேர்த்து இழுக்கும்.

இந்த வேலைக்கு ஏற்றது சி வடிவ வாய் உள்ள லாக்கிங் பிளையர், அதாவது நாம் வைஸ் கிரிப் என்கிற வகை. வால்பக்கத் திருகில் கனத்துக்கு ஏற்ப ஒருமுறை அளவு வைத்துவிட்டால் ஒரே அழுத்தில் பூட்டிக்கொள்ளும். கத்திக்கு அடியில் ஒரு மரத்துண்டு வையுங்கள், பிசிறு குறையும். கிளாம்ப் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. அது வழுக்கினாலும் கத்தி சுழலாதபடி டேபிள் பள்ளத்தில் ஒரு போல்ட்டை நிறுத்தி, கத்தியின் பக்கவாட்டை அதில் சாய்த்து வையுங்கள். அலகு, அதாவது கத்தியின் வெட்டும் பகுதி, உங்கள் இடப்பக்கம் நீண்டிருந்தால் போல்ட் அதன் பின்பக்கம், அதாவது மெஷினின் தூண் பக்கம் இருக்க வேண்டும். பிட் சுழலும் திசையில் கத்தி அந்தப் பக்கம்தான் போகும். அதிர்வில் பிடி தளரும் என்பதால் ஒவ்வொரு துளைக்கும் முன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது ஜி கிளாம்ப், அதாவது G வடிவச் சட்டத்தில் திருகு உள்ள வகை. 3 அல்லது 4 அங்குல வாய் போதும், கைப்பிடி வேலைக்கு மூன்று வேண்டும். மலிவான வார்ப்பிரும்பு கிளாம்ப் வளையாது, முன்னறிவிப்பு இல்லாமல் பட்டென்று உடையும். எஸ்.ஜி. இரும்பிலோ (உள்ளே கரி உருண்டையாக அமைந்த, வளையக்கூடிய வார்ப்பிரும்பு), அடித்து உருவாக்கிய எஃகிலோ செய்தது முதலில் வளைந்து காட்டும். கடையிலேயே சோதிக்கலாம். திருகைக் கழற்றிவிட்டு, சட்டத்தை ஒரு நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் மெல்லத் தட்டுங்கள். எஸ்.ஜி.யும் எஃகும் கணீரென்று ஒலிக்கும். சாதாரண வார்ப்பு 'தட்' என்று அடங்கிவிடும். திருகில் கூர்மையான வி மரையைவிடத் தட்டையான சதுர மரை நீண்ட நாள் உழைக்கும். முனையில் உள்ள வட்டத் தட்டு எல்லாப் பக்கமும் சாய வேண்டும், ஆனால் கழன்று வரக்கூடாது. கைப்பிடியில் பைப் மாட்டி முறுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 12 மி.மீ. திருகு, 60 மி.மீ. கைப்பிடி, கையால் 15 கிலோ தள்ளு என்று கணக்குப் போட்டால், உராய்வு போக வாயில் 300 கிலோவுக்கு மேல் இறங்குகிறது. கைவலுவே தாராளம்.

கைப்பிடிப் பலகைகளை ஒட்டும்போது அவ்வளவு வலுவும் கேடுதான். ஜி கிளாம்பை இறுக்கி முறுக்கினால் எபாக்சி (இரண்டு பகுதியைக் கலந்து ஒட்டும் பசை) முழுக்க வெளியேறி, மரமும் இரும்பும் பசையில்லாமல் தொட்டுக்கொண்டு நிற்கும். சில மாதத்தில் ஈரம் புகுந்து பலகை கழன்றுவிடும், பழி மட்டும் பசைமேல் விழும். இருபக்கமும் 60 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, டாங்கை அசிட்டோனால் துடையுங்கள். பின் துளைகள் தவிர டாங்கில் நாலைந்து சின்னத் துளைகள் கூடுதலாக இருந்தால் பசை இருபக்கப் பலகைகளையும் தன் வழியே கட்டிப்போடும். பசை தொடும் முன், பின்களைச் செருகி ஒருமுறை வெறுமனே கிளாம்ப் போட்டுப் பாருங்கள், பலகை வழுக்கும் இடம் அப்போதே தெரிந்துவிடும். அலகில் அட்டை சுற்றி டேப் ஒட்டியிருக்க வேண்டும். கூர்தீட்டுவது எப்போதும் கடைசி வேலை. கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவே பாலித்தீன் சுற்றிய மரத்துண்டு. ஓரம் முழுக்கப் பசை முத்துமுத்தாகத் துளிர்த்ததும் முறுக்குவதை நிறுத்திவிடுங்கள். இரண்டு முகமும் உண்மையிலேயே தட்டையாக இருந்தால் நல்ல ஸ்பிரிங் கிளாம்பே போதும். அலகுப் பக்கம் வழிந்ததை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள், காய்ந்தபின் அங்கே அரம் போட்டால் அலகில் கீறல் விழும். மெதுவாக இறுகும் அரால்டைட் என்றால் 24 மணி நேரம் கிளாம்பை எடுக்காதீர்கள்.

பெஞ்ச் வைஸின் பல் நேராக அலகைக் கடிக்கக்கூடாது. 3 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் (L வடிவப் பட்டை) இரண்டு துண்டு வெட்டி வாயில் கவிழ்த்துவிடலாம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தெடுத்து, இன்னும் டெம்பர் செய்யாத (மிதமான சூட்டில் வைத்து முறியும் தன்மையைக் குறைக்காத) கத்தியை வைஸில் மாட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அந்த நிலையில் அது கண்ணாடிபோல, முறிந்தால் துண்டு முகத்துக்கே வரும். கோணலை, முதல் டெம்பர் முடிந்தபின் இரண்டாவது டெம்பரில் எடுக்க வேண்டும். தடித்த ஆங்கிள்மேல் கத்தியை வைத்து, வளைவின் இரு பக்கமும் வாஷர் கொடுத்து, நடுவில் கிளாம்பால் எதிர்ப்பக்கம் அழுத்துங்கள். 1 மி.மீ. கோணலுக்கு 2, 3 மி.மீ. எதிர்வளைவு வேண்டியிருக்கும். அப்படியே அடுப்பில் 200 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம், ஆறும்வரை கழற்றக்கூடாது. அடுப்புக்குள் போகும் கிளாம்பில் பிளாஸ்டிக் மூடியோ ரப்பரோ இருக்கக்கூடாது. திருகிலுள்ள கிரீஸையும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகையும். எஃப் கிளாம்பின் (நீளப் பட்டையில் வாய் நகரும் வகை) பிளாஸ்டிக் கைப்பிடி உருகிவிடும், இந்த வேலைக்கு வெறும் இரும்பு ஜி கிளாம்ப் மட்டும்தான்.